கென்ய அரசியலைப் பள்ளிக் கட்டணம் வழியாகப் படிப்பது எப்படி

மேற்குக் கென்யாவின் கிசுமு நகருக்குப் புதிதாக வரும் நம்மூர்க் குடும்பங்கள் முதல் மாதம் கேட்பதெல்லாம் இட்லி அரிசி எங்கே கிடைக்கும், கொசுவலை எங்கே வாங்குவது என்பதுதான். இரண்டாம் மாதம் அரசியலுக்கு வந்துவிடுவார்கள். "டீச்சர், இங்கே ஆளுங்கட்சி எது, எதிர்க்கட்சி எது?" என் கணவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே இந்தப் பக்கமெல்லாம் கரும்பு. ஆலை வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள், இதே கேள்வியும் வந்துகொண்டே இருக்கும். அடுத்த பொதுத்தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. அதற்குள் இன்னும் பல பேர் கேட்பார்கள் என்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்னிடம் இருக்கும் வழி ஒன்றுதான். கென்யாவில் ஒரு தலைவரைப் புரிந்துகொள்ள வேண்டுமா? அவர் எங்கே படித்தார், அவருடைய பள்ளிக் கட்டணத்தை யார் கட்டினார்கள், இப்போது அவர் யாருடைய கட்டணத்தைக் கட்டுகிறார் என்று விசாரியுங்கள். கொடி, சின்னம், கூட்டணி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கட்சிப் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள்

செய்தால் அடுத்த தேர்தலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டிவரும். இப்போதைய ஜனாதிபதி வில்லியம் ருட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் கானு கட்சி எம்பி. 2007இல், நெடுங்காலம் எதிர்க்கட்சி முகமாக இருந்த ரைலா ஒடிங்காவோடு ஓடிஎம்மில் இருந்தார். 2013இல் யூஆர்பி என்று தனிக்கட்சி வைத்துக்கொண்டு உஹுரு கென்யாட்டாவோடு கூட்டு. பிறகு ஜூபிலி. 2022இல் தள்ளுவண்டிச் சின்னத்தோடு யூடிஏ. ரைலா மட்டும் என்ன? ஃபோர்டு-கென்யா, என்டிபி, சில மாதம் கானு, அப்புறம் எல்டிபி, கடைசியில் ஓடிஎம். மேற்குக் கென்யாவின் மூத்த தலைவர் முசாலியா முடவாடி கானு, ஓடிஎம், யூடிஎஃப், ஏஎன்சி என்று போய், 2025இல் தன் கட்சியை யூடிஏவில் கலைத்தே விட்டார். ஓடிஎம் பிறந்த கதையும் விசித்திரம்தான். 2005இல் புதிய அரசியல் சட்ட வரைவுக்கு வாக்கெடுப்பு நடந்தது. 'ஆம்' என்பதற்கு வாழைப்பழம், 'இல்லை' என்பதற்கு ஆரஞ்சு. ஆரஞ்சு ஜெயித்தது, அந்தப் பழத்தின் பெயரிலேயே கட்சி எழும்பிவிட்டது.

ஆகவே "இவர் கட்சி மாறிவிட்டாரே, துரோகம் இல்லையா?" என்று எங்கள் ஆசிரியர் அறையில் நீங்கள் கேட்டால் மரியாதையாகச் சிரிப்பார்கள். கட்சியை இங்கே வண்டி என்றே சொல்வார்கள். ஓட்டுபவரோடுதான் மக்கள் போவார்கள், வண்டியோடு போக மாட்டார்கள். அந்த ஓட்டுபவர் மேல் விசுவாசம் எப்படி வருகிறது? சொந்த ஊர், சொந்த மொழிக்காரர் என்பது ஒரு பகுதி, இதைத்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதும். அதிகம் எழுதப்படாத இன்னொரு பகுதி பள்ளிக்கூடம்.

எந்த வகுப்பறை யாருடைய பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேர்தல் நாளில் ஒரு வாக்காளர் கையில் ஆறு சீட்டுகள் கொடுப்பார்கள்: ஜனாதிபதி, கவர்னர், செனட்டர், எம்பி, மகளிர் பிரதிநிதி, அப்புறம் வார்டு உறுப்பினரான எம்சிஏ. ஆறையும் ஒரே கட்சிக்குக் குத்தச் சொல்லித் தலைவர்கள் மேடைக்கு மேடை கெஞ்சுவார்கள். 2010 அரசியல் சட்டத்தின் நான்காம் அட்டவணையைப் பார்த்தால் பாலர் வகுப்பும் கிராமத் தொழிற்பயிற்சிக் கூடங்களும் மட்டும்தான் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அரசின் வேலை. ஆரம்பப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாம் நைரோபியில் இருக்கும் தேசிய அரசின் கையில். 47 கவுண்டிகளுக்கும் இதே விதி.

நடைமுறையில் ஆறு பேரும் மேல்நிலைப் பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தருவதாக வாக்குக் கொடுப்பார்கள். ஒரு கவர்னர் அப்படிப் பேசினால் மனதுக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கவுண்டிகள் பணம் எடுத்துப் பள்ளி உதவித்தொகை கொடுப்பதை 2025 ஜனவரியில் பட்ஜெட் கட்டுப்பாட்டாளர் நிறுத்தச் சொன்னபோது கவர்னர்கள் கொதித்தார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. பாலர் பள்ளிக்கு நாற்காலி வாங்கியதற்காக எந்தக் கவர்னரும் ஓட்டு வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பர்சரியைப் படிக்கும் விதம்

பர்சரி என்றால் பள்ளிக் கட்டண உதவித்தொகை. இதுதான் முக்கியமான பாடம், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

மேல்நிலைப் பள்ளிக் கல்வி இங்கே பெயரளவில் இலவசம். ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 22,244 ஷில்லிங் அரசு தருவதாகக் கணக்கு. ஆனால் நல்ல பள்ளிகள் பெரும்பாலும் விடுதிப் பள்ளிகள். தேசியப் பள்ளி என்ற முதல் தட்டில் இடம் கிடைத்தால், அரசு வைத்த உச்சவரம்பின்படியே பெற்றோர் கட்ட வேண்டியது வருடத்துக்கு 53,554 ஷில்லிங். மெத்தை, பெட்டி, சீருடை, பயணம் எல்லாம் தனி. மீன் விற்கும் அம்மாவுக்கும், போடா போடா என்கிற வாடகை பைக் ஓட்டும் அப்பாவுக்கும் இது மலை. அரசு தரவேண்டிய பங்கும் நேரத்துக்கு வராது, முழுசாகவும் வராது. 2025 ஜூலையில் நிதியமைச்சர் ஜான் எம்பாடியே முழுத்தொகை தர முடியவில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொல்ல, நாடே அலறியது. எம்பாடி ஓடிஎம்மின் தலைவராக இருந்தவர். ஒரு வருடம் முன்பு வரை இதே கேள்வியை எதிர்வரிசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர்.

இந்த இடைவெளியில்தான் எம்பி நுழைகிறார். 2003இல் வந்த தொகுதி வளர்ச்சி நிதிக்கு இப்போது என்ஜி-சிடிஎஃப் என்று பெயர். தேசிய அரசின் வருவாய்ப் பங்கில் குறைந்தது 2.5 சதவீதம் தொகுதிகளுக்குப் போகும். அதில் பெரும்பங்கு வகுப்பறைகளும் பர்சரியும். ஜனவரியில் பள்ளி திறக்கும் வாரம் எம்பி அலுவலக வாசலில் நின்று பாருங்கள். விண்ணப்பப் படிவத்தைச் சைபர் கடையில் நகலெடுத்து, பள்ளியின் கட்டணப் பட்டியலையும் பிறப்புச் சான்றிதழையும் இணைத்து, சீஃப் என்கிற உள்ளூர் அரசு அதிகாரியிடம் முத்திரை வாங்கிக்கொண்டு பெற்றோர் வரிசையில் நிற்பார்கள். குழு கூடி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகை எழுதும். காசோலை பள்ளியின் பெயருக்குப் போகும், பெற்றோர் கையில் காசு வராது. அதற்கப்புறம் மைதானத்தில் ஆளுயர அட்டைக் காசோலையோடு விழா. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தின் பக்கவாட்டில் எம்பியின் பெயர், புதிதாகப் பூசிய வகுப்பறைச் சுவரில் எம்பியின் பெயர். வரிப்பணம் உள்ளே போய்த் தனிமனிதரின் தயவாக வெளியே வருகிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது விழாவை அல்ல, தணிக்கை அறிக்கையை. தலைமைத் தணிக்கையாளர் ஒவ்வொரு தொகுதி நிதிக்கும் தனித்தனியாக அறிக்கை வெளியிடுகிறார், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பர்சரி என்ற தலைப்புக்குப் போங்கள். 'பள்ளிகளிடமிருந்து ரசீது வரவில்லை' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். பணம் போனதாகக் கணக்கு இருக்கும், பெற்றுக்கொண்டதாகக் கடிதம் இருக்காது. அது திருட்டுதான் என்று சொல்ல முடியாது. பள்ளி எழுத்தர் சோம்பேறியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து அதே வரி வந்தால் அந்த எம்பியைப் பற்றி உங்களுக்குப் போதுமான செய்தி கிடைத்துவிட்டது.

இந்த நிதி அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தை 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் இயற்றுகிறவரே செலவும் செய்து கண்காணிக்கவும் செய்வது எப்படிச் சரி என்பதுதான் வாதம். எம்பிக்கள் என்ன செய்தார்கள்? 2025 ஜூலையில் இந்த நிதியை அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிடும் திருத்தத்தைத் தேசியப் பேரவையில் நிறைவேற்றினார்கள். நிதி மசோதா, வரி, பதவி நீக்கம் என்று எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் அன்று ஒரே குரல்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு "அப்போ இது லஞ்சம்" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் ஒருமுறை சொன்னார்: "என் ஃபீஸில் பாதியைக் கட்டியது அந்த மனுஷன். என் அம்மா உயிரோடு இருக்கும்வரை எங்கள் வீட்டில் அவருக்கு எதிராக ஓட்டு விழாது." அவர் முட்டாள் இல்லை. முதுநிலைப் பட்டம் வாங்கியவர், தணிக்கை அறிக்கையும் படிப்பவர். கடன் கடன்தான் என்று நினைக்கிறார். இந்த நன்றிக்கு நீண்ட வரலாறும் உண்டு. 1959 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர் டாம் எம்போயா நிதி திரட்டி 81 மாணவர்களைத் தனி விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். அடுத்தடுத்த வருடங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். 1960இல் போனவர்களில் ஒருவர் வங்காரி மாத்தாய், பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். எம்போயா லுவோ, மாத்தாய் கிகுயு. இனத்தைத் தாண்டி ஒரு தலைவர் விசுவாசம் சம்பாதித்தது விமான டிக்கெட்டால். 1969 ஜூலையில் நைரோபித் தெருவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுக்க அவருக்கென்று ஒரு படித்த கூட்டம் இருந்தது அவர் பலம், அதுவே பலருக்குப் பயமாகவும் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஹராம்பேக்கு அழைப்பு வந்தால்

நிச்சயம் வரும். பக்கத்துப் பள்ளிக்கு ஆய்வகம், காவலாளியின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், சர்ச்சுக்குக் கூரை என்று பொதுவில் பணம் திரட்டுவதற்கு ஹராம்பே என்று பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு முதல் ஜனாதிபதி ஜொமோ கென்யாட்டா நாட்டின் முழக்கமாகவே ஆக்கியது இது. அரசு கட்டாத மேல்நிலைப் பள்ளிகளை ஊரே சேர்ந்து கட்டிய காலம் அது. இன்று வாட்ஸ்அப் குழுவும், கைபேசியில் பணம் அனுப்பும் எம்-பெசா எண்ணும் போதும். கொடுங்கள், தயங்காமல் கொடுங்கள். ஆனால் பள்ளியின் பே-பில் எண்ணுக்கோ வங்கிக் கணக்குக்கோ அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். "மெஷிமிவா கையில் கொடுத்தால் அவர் மேடையில் அறிவிப்பார்" என்பார்கள். வேண்டாம். மாண்புமிகு உறுப்பினரின் கணக்கில் உங்கள் பணம் சேர்ந்துவிடும்.

இன்னொன்றைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் அரசியல் கட்சிக்கு நன்கொடை தரக் கூடாது என்று கட்சிச் சட்டமே சொல்கிறது. வேலை அனுமதியில் இருக்கிற நாம் பள்ளிக்குக் கொடுக்கலாம், கட்சிக்கு முடியாது. சிறப்பு விருந்தினராக யார் வருகிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கட்சி நிறத் தொப்பியை யாராவது தலையில் வைத்தால் சிரித்துக்கொண்டே கழற்றிவிடுங்கள். 2017இல் அரசு ஆசிய வம்சாவளியினரை நாட்டின் 44ஆவது இனமாக அறிவித்தது உண்மைதான். அது இங்கேயே பிறந்து குடியுரிமையோடு இருப்பவர்களைப் பற்றியது, நேற்று வந்திறங்கிய நமக்கு அதில் இடமில்லை.

2024 ஜூலையில் அரசு அதிகாரிகளும் அரசியல் பதவியில் இருப்பவர்களும் ஹராம்பேயில் கலந்துகொள்ளத் தடை என்று ருட்டோ அறிவித்தார். அந்த வருடக் கடைசியில் அவர் கொடுத்த நன்கொடையை நைரோபி கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் திருப்பி அனுப்பியது. மேடைகள் காலியாகிவிடவில்லை. மகளிர் முன்னேற்றம், பொருளாதார வலுவூட்டல் என்று பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாமல், பணம் யாருடையது, யார் கையால் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

பட்டத்தைச் சரிபார்க்கும்போது

தலைவர்கள் தங்கள் படிப்பைப் பற்றிப் பேசுவதைக் கவனித்தால் இரண்டு ராகம் கேட்கும். ஒன்று, செருப்பில்லாமல் பள்ளிக்குப் போன கதை. சாலையோரம் கோழி விற்றது, பதினைந்து வயதில்தான் முதல் ஷூ போட்டது என்று ருட்டோ சொல்லாத மேடையில்லை. 2022இல் 'ஹஸ்லர்', அதாவது பாடுபட்டுப் பிழைப்பவர், என்ற அடையாளமே அதில் கட்டப்பட்டது. மற்றது, டாக்டர் பட்டம். அதே ருட்டோ 2018இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் தாவரச் சூழலியலில் முனைவர் பட்டம் வாங்கினார். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் ஓட்டு நிச்சயம். ஏழையாகவும் இருந்திருக்க வேண்டும், படித்து மேலே வந்தும் இருக்க வேண்டும்.

ஜனாதிபதிக்கும் கவர்னருக்கும் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம் என்று தேர்தல் சட்டம் சொல்கிறது. எம்பிக்களுக்கும் வேண்டும் என்று எழுதினார்கள், அமலுக்கு வரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள், கடைசியில் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. ஒரு வகையில் எனக்கு அதில் நிம்மதி. சான்றிதழ் தலைவரை உருவாக்கும் என்று ஒரு டீச்சராக என்னால் மனசாட்சியோடு சொல்ல முடியாது. 2022இல் நைரோபி கவர்னர் தேர்தலில் ஜான்சன் சகாஜா காட்டிய உகாண்டாப் பட்டத்தைப் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் முதலில் ஏற்றது, பிறகு அந்த ஏற்பைத் திரும்பப் பெற்றது. வழக்கு மேல் வழக்கு. அவர் வேட்பாளராக நின்றார், வென்றார். நைரோபி வாக்காளருக்குச் சான்றிதழ் முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தம் எடுக்காதீர்கள். 2024இல் அரசுப் பணியாளர் ஆணையம் சரிபார்த்தபோது 2,000க்கும் மேற்பட்டவர்கள் போலிச் சான்றிதழோடு வேலையில் இருந்தது தெரியவந்தது. மதிப்பே இல்லாத பொருளுக்கு யார் போலி அடிப்பார்கள்?

எந்தப் பள்ளி என்று கேட்பது பட்டத்தை விடப் பலன் தரும். 1926இல் தொடங்கிய அலையன்ஸ் பள்ளி, எங்கள் பக்கத்தில் 1906இல் தொடங்கிய மசேனோ பள்ளி, இவை இரண்டிலிருந்தும் வந்தவர்களை எடுத்துவிட்டால் முதல் தலைமுறை அரசியலில் பாதி காலி. மாணவர் சங்கம் என்றால் நைரோபிப் பல்கலைக்கழகம். இன்றைய சியாயா கவர்னர் ஜேம்ஸ் ஒரெங்கோ எழுபதுகளில் அங்கே மாணவர் தலைவர். எம்பேகாசி கிழக்கு எம்பி பாபு ஒவினோவும் அதே நாற்காலியிலிருந்து வந்தவர்.

விசுவாசம் என்பது கேலிப்பொருள் இல்லை

இங்கே 'பாபா' என்றால் ரைலா. கிசுமுவில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ளாமல் எதையும் புரிந்துகொள்ள முடியாது. ஐந்து முறை ஜனாதிபதி தேர்தலில் நின்று ஒருமுறையும் பதவி ஏறாதவர். அவர் அப்பா ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா மசேனோவில் ஆசிரியராக இருந்தவர், நாட்டின் முதல் துணை ஜனாதிபதி, 1966இல் பதவியை உதறியவர். மகன் கிழக்கு ஜெர்மனியில் பொறியியல் படித்துத் திரும்பி நைரோபிப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார், ஜனாதிபதி மோய் ஆட்சியில் பல வருடம் சிறையில் இருந்தார்.

அவர் 2025 அக்டோபர் 15 அன்று கேரளத்தின் கூத்தாட்டுக்குளத்தில், ஆயுர்வேதச் சிகிச்சைக்குப் போயிருந்த இடத்தில், காலை நடையின்போது மயங்கி விழுந்து இறந்தார். 80 வயது. அவர் மகளின் கண்பார்வைக்கு அதே ஊரில்தான் முன்பு சிகிச்சை நடந்தது. அந்த வாரம் என் மாணவர்களும், காய்கறிக்காரம்மாவும், பள்ளி வாட்ச்மேனும் கேட்ட ஒரே கேள்வி: "கேரளா உங்கள் ஊருக்குப் பக்கமா?" ஆமாம், பக்கத்து மாநிலம் என்றேன். அதற்குமேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கிசுமு மாம்போலியோ மைதானத்தில் உடலை வைத்தார்கள். மறுநாள் போண்டோவில், அவர் அப்பாவின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழக வளாகத்தில் இறுதி ஆராதனை நடந்தது. கடைகள் எல்லாம் மூடியிருந்தன, ஊரெங்கும் மரக்கிளைகளை ஏந்திக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் புதிதாக வந்தவர் செய்ய வேண்டியது எளிது: துக்கம் விசாரியுங்கள், பேச விடுங்கள், "அவர்தான் கடைசியில் ருட்டோவோடு கைகோர்த்துவிட்டாரே" என்று தொடங்காதீர்கள். 2025 மார்ச்சில் இருவரும் ஒப்பந்தம் போட்டதில் எங்கள் ஆசிரியர் அறையிலேயே பாதிப் பேருக்குக் கோபம்தான். அந்தக் கோபம் வீட்டுக்காரர்களுடையது, நாம் எடுத்துப் பேசக் கூடாது.

பழைய விசுவாசம் வேறு மாதிரி. வயதான ஆசிரியர்களிடம் மோய் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். 1979இல் தொடங்கிய இலவசப் பள்ளிப்பால், முக்கோணப் பாக்கெட்டில் வரும் 'நியாயோ பால்', இன்றைக்கும் அவர்கள் நாக்கில் இருக்கிறது. ஜனாதிபதிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று காலையில் வரிசையில் நின்று உறுதிமொழி சொன்னதும் நினைவிருக்கும். 1988இல் கானு உட்கட்சித் தேர்தலில் வேட்பாளருக்குப் பின்னால் எல்லோரும் பார்க்க வரிசையில் நின்றுதான் ஓட்டு. மோய் தானே ஆசிரியராக இருந்தவர். 1997 தேர்தலுக்கு முன்பு ஆசிரியர்களின் சம்பளத்தை 150 முதல் 200 சதவீதம் வரை உயர்த்த ஒப்புக்கொண்டார். தேர்தல் முடிந்ததும் கஜானாவில் பணம் இல்லை.

2003ஆம் ஆண்டை வட்டமிடுங்கள்

மோய்க்குப் பிறகு கிபாகி ஜனாதிபதியாக ஆட்சிக்கு வந்த அடுத்த மாதம், 2003 ஜனவரியில், ஆரம்பப் பள்ளிக் கட்டணம் ரத்தானது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் எல்டோரெட்டில் 84 வயது கிமானி மருகே முதல் வகுப்பில் போய் உட்கார்ந்து உலகச் செய்தியானார்.

இப்போது 2024 ஜூனுக்கு வாருங்கள். நிதி மசோதாவை எதிர்த்து நாடாளுமன்றத்துக்குள் புகுந்த இளைஞர்கள் 'இனமில்லை, தலைவரில்லை, கட்சியில்லை' என்றார்கள். பலர் உயிரை விட்டார்கள். ருட்டோ மசோதாவைத் திரும்பப் பெற்றார், அமைச்சரவையைக் கலைத்தார். அவர்களின் வயதைக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலோர் 2003க்கு அப்புறம் பள்ளியில் சேர்ந்தவர்கள். முதல் எட்டு வருடம் எந்த மெஷிமிவாவுக்கும் கடன்படாமல் படித்தவர்கள். மசோதாவைத் தாங்களே வாசித்து, தாய்மொழிகளில் விளக்கி, டிக்டாக்கில் போட்டார்கள். எம்பி வந்து விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கோபத்துக்கு வரி, வேலையின்மை, ஊழல் என்று பல காரணம் உண்டு. ஆனால் தனிமனிதர் மீதான விசுவாசம் அவர்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் 2003தான். மேல்நிலைப் பள்ளியில் கட்டணம் திரும்ப வந்துவிடுகிறது, பர்சரி வரிசையும் வந்துவிடுகிறது. பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பேன் என்று சொல்கிற வேட்பாளரையும் பர்சரியைக் கூட்டுவேன் என்று சொல்கிற வேட்பாளரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். முதலாமவர் ஜெயித்தால் அவருக்கே விசுவாசிகள் குறைவார்கள்.

தேர்தல் வாரமும் ஒரு கூட்டல் கணக்கும்

பள்ளிகள் வாக்குச்சாவடிகளாகிவிடும், வகுப்பு இருக்காது. மாவு, எண்ணெய், கேஸ் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2007 தேர்தலுக்குப் பிறகு நாடு முழுக்க 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், கிசுமுவில் கடைத்தெருவே எரிந்தது. 2022 அமைதியாகத்தான் போயிற்று. பயப்பட வேண்டியதில்லை, அந்த வாரம் நகர மையத்தில் சுற்ற வேண்டியதுமில்லை.

வீட்டில் உட்கார்ந்து செய்ய நல்ல வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவும் 34ஏ என்ற படிவத்தில் எழுதப்பட்டு, சாவடிக் கதவில் ஒட்டப்படும். 2022இல் தேர்தல் ஆணையம் 46,229 சாவடிகளின் படிவங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றியது. என் வகுப்பில் அதைப் புள்ளியியல் பாடமாக்கினேன்.

அந்த முடிவு ருட்டோ 50.49, ரைலா 48.85, வஜக்கோயா 0.44, வைஹிகா 0.23 என்று அறிவிக்கப்பட்டது. கூட்டினால் 100.01. ஏழு ஆணையர்களில் நான்கு பேர் மறுநாள் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இந்த 0.01 சதவீதம் ஏறத்தாழ 1,42,000 ஓட்டு, ஆகவே முடிவை ஏற்க முடியாது என்றார்கள். கிசுமு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. செல்லுபடியான ஓட்டு 1,42,13,137. அதில் 0.01 சதவீதம் எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், வீட்டில் பாபா படத்துக்குக் கீழேதான் சாப்பிடுகிறவன், எழுந்து "1,421" என்றான். அதுவும் காணாமல் போன ஓட்டு இல்லை, நான்கு எண்களையும் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கியதில் வந்த மிச்சம் என்று அடுத்த பெஞ்சு விளக்கியது. அவர்களில் யாரும் அதனால் ருட்டோ பக்கம் போய்விடவில்லை. அந்த வாதத்தை மட்டும் எங்கள் வகுப்பில் அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் முடிவை ஒருமனதாக உறுதிசெய்தது.

2027இல் படிவங்கள் இணையத்தில் ஏறினால் பிள்ளைகளோடு உட்கார்ந்து உங்கள் வார்டைக் கூட்டிப் பாருங்கள். செல்லாத ஓட்டுகள் தனி வரியில் இருக்கும். 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சதவீதம் போடும்போது அவற்றைச் சேர்க்கக் கூடாது. ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும், கூடவே 24 கவுண்டிகளிலாவது கால்வாசி ஓட்டு வாங்கியிருக்க வேண்டும். கால்குலேட்டரைக் கடைசியில் எடுங்கள், முதலில் கையால் கூட்டட்டும்.